நீல வண்டிக்கு ஒரு ஆள்

ஒரு மலைங்க. மலைக்குக் கீழே ஒரு தென்னந்தோப்பு. தோப்புக்குள்ளே ஒரு கொட்டகை. கொட்டகைக்குள்ளே அஞ்சு குதிரை. அஞ்சுக்கும் ஒரே ராஜா. அந்த ராஜாவுக்கு முழங்கால் மடங்காது.

இந்த இடத்துல நீங்க ‘உம்’ போடணுங்கண்ணா. எங்க வீட்டுல கதை சொன்னா அப்படித்தான். கேக்கறவங்க ‘உம்’ போடலைன்னா கதை அங்கயே நின்னுடும். ஆ, அப்படித்தான். சத்தமாக்கூட வேண்டாம், தலையாட்டினாப் போதும்.

இப்படி நகர்ந்து உட்காருங்க, வெயில் உங்க மேலே அடிக்குது. பேரூர் பஸ்ஸுக்குத்தானே? அது அஞ்சரைக்கு முன்னாடி வராது. இப்ப மணி அஞ்சு பத்து. அந்த மிக்ஸி ஜாரை நடுவுல வெச்சிடுங்க. ரிப்பேருக்கா? அடியில ஒழுகுதுங்களா? வாஷர் போயிருக்கும்.

குதிரைன்னு சொன்னது காருங்கண்ணா. பழைய காலத்து ஸ்போர்ட்ஸ் கார். தரையோட தரையா இருக்கும், மேலே துணிக் கூரை, ஒண்ணொண்ணுலயும் ரெண்டே சீட்டு. நமக்குப் பின்னாடி கறுப்புக் கேட்டு திறந்திருக்குதில்லீங்களா, அதுதான் எங்க தோப்பு. உள்ளே நீலமா ஒண்ணு மூக்கை நீட்டிக்கிட்டு நிக்குது பாருங்க. ஜாகுவார். அறுபது வருஷத்துக்கு முந்தின வண்டி. அதுதான் அஞ்சாவது. மத்த நாலையும் இன்னிக்குக் காலையில இருந்து நான் ஓட்டிட்டேன். அது ஒண்ணுதான் பாக்கி. பக்கத்துச் சீட்டுக்கு ஒரு ஆள் வேணும். அஞ்சே முக்காலுக்குக் கிளம்பினாக்கூடப் போதும், ஒரு சுத்து சுத்திட்டு ஆறு மணிக்கு உள்ளே விட்டுடலாம். நாளைக்குக் காலையில லாரி வந்துடும், அஞ்சையும் ஏத்திக்கிட்டு பெங்களூருக்குப் போயிடும். வித்தாச்சுங்க.

இல்லீங்க, உங்களை இப்பவே கேக்கலை. முதல்ல முழுசாக் கேளுங்க.

என் பேரு தரணி. கோவர்த்தனன் சார்கிட்ட வண்டி பாத்துக்கற வேலை. மூணு வருஷமாச்சு. கொட்டகைக்குப் பின்னாடி ஒரு ரூம் குடுத்திருக்காரு. நல்ல ரூமுங்க, காத்து வரும். மூணு வருஷத்துல அந்த ரூமுக்குள்ளே வந்தது நானும், கரண்ட் ரீடிங் எடுக்கறவரும்தான். அவரும் செருப்பைக் கழட்டாம வாசல்லயே நின்னு எழுதிட்டுப் போயிடுவாரு. அதனால எனக்கு ஒண்ணும் இல்லீங்க. நான் பாட்டுக்கு வண்டிகளோட பேசிட்டு இருப்பேன்.

காலையில ஆறரைக்கு சார் வந்தாரு. குச்சியை ஊனிக்கிட்டு ஒவ்வொரு வண்டியா நின்னு நின்னு பார்த்தாரு. அவரால இப்ப அதுல ஏற முடியாதுங்க. சோபாவுல உட்காரலாம், பெரிய கார்ல உட்காரலாம். இது பாயில உட்கார்ற மாதிரி. போன பொங்கலுக்கு ஆசைப்பட்டு எம்.ஜி.ங்கற சிவப்பு வண்டியில உட்கார்ந்துட்டு, அவரை வெளியே எடுக்க மூணு பேரு வேண்டியதாப் போச்சு. அன்னிக்குத்தான் விக்கறதுன்னு முடிவு பண்ணியிருப்பாருன்னு நினைக்கறேன்.

“தரணி, லாரியில ஏத்தறதுக்கு முன்னாடி அஞ்சும் ஒரு சுத்து ஓடியிருக்கணும். இருட்டுப்பள்ளம் வரைக்கும் போயிட்டுத் திரும்பிடு. ஆறு மணிக்குள்ள எல்லாம் உள்ளே. பக்கத்துச் சீட் காலியா எதுவும் கேட்டைத் தாண்டக் கூடாது”ன்னாரு.

அது எங்க சட்டமுங்க. பழைய வண்டி, பெட்ரோல் கசியும், வயர் சூடாகும். ஓட்டறவனுக்கு ரோட்டைப் பாக்கவே கண்ணு பத்தாது. அதனால பக்கத்துல ஒருத்தர் உட்காரணும். மடியில ஒரு சின்ன தீயணைக்கற சிலிண்டரை வெச்சுக்கிட்டு, முன்னாடி புகை வருதான்னு பாத்துக்கிட்டே வரணும். இத்தனை நாளும் அது சாரு. அப்புறம் அவரோட டிரைவரு. அவங்க ரெண்டு பேரும் காலையில ஏழு மணிக்கே மெட்ராசுக்கு, சாரோட மக வீட்டுக்குக் கிளம்பிட்டாங்க. வண்டி ஏத்தறதை நான் பாக்க மாட்டேன்னுட்டாரு.

கிளம்பறப்ப நீல வண்டி மேலே கையை வெச்சாரு. “இதுல மட்டும் யாரை ஏத்தறேன்னு பாத்து ஏத்துடா. இது ரெண்டு பேருக்குன்னே செஞ்ச வண்டி”ன்னாரு.

எனக்குப் புரிஞ்சுது. மூணு வருஷமா ஒரே ஒரு பாகத்துக்காக அந்த வண்டி கல்லு மேலே நின்னுச்சு. சீமையில இருந்து அது வந்து சேர்ந்து பதினஞ்சு நாள்தான் ஆகுது. தினமும் தொடைச்சேன், பேரு சொல்லிக் கூப்பிட்டேன், ஆனா ரோட்டுல ஒரு அடி ஓட்டினதில்லை. முதல் தடவையும் இன்னிக்குத்தான், கடைசித் தடவையும் இன்னிக்குத்தான். அப்ப பக்கத்துல யாரு உட்காரணும்? பூபதி உட்காரணும். ஐ.டி.ஐ.யில என்கூடப் படிச்சவன். ஒரே பெஞ்சு. இப்ப திருப்பூர்ல இருக்கான். உடனே போன் போட்டேன். “வர்றேன்டா மாப்ளே, மத்தியானத்துக்குள்ள வந்துடறேன்”ன்னான். நல்ல பையனுங்க. மூணு வருஷமா என் ரூமைப் பாக்க வர்றேன்னு சொல்லிட்டே இருக்கான், அவனுக்குத்தான் நேரம் அமையலை.

முதல்ல சிவப்பு எம்.ஜி. அதுக்குக் கதவு பின்பக்கமாத் திறக்கும். வாட்ச்மேன் தங்கவேலண்ணனை ஏத்திக்கிட்டேன். சிலிண்டரைத் துப்பாக்கி மாதிரி தோள்ல சாத்திக்கிட்டு, போற வர்றவங்களுக்கெல்லாம் சல்யூட் அடிச்சாரு. அப்புறம் சம்சாரத்துக்கு வீடியோ கால் போட்டுட்டாரு. “இந்தா பாரு, நான் எங்கே போறேன் பாரு. இல்லடி, வெலைக்கு வாங்கலை. கேளு முதல்ல.” போறப்ப ஒரு சண்டை, வர்றப்ப சமாதானம். எஞ்சின் சத்தம் எனக்குக் காதுலயே விழலை. ஏழு மலை தாண்டிப் போன ராஜகுமாரன் கதையை ஆரம்பிச்சுப் பார்த்தேன். எனக்கு வண்டி ஓட்டினா கதை வரும். “இருப்பா, அவ என்னமோ சொல்றா”ன்னுட்டாரு.

அடுத்தது பச்சை டிரையம்ப். கதவு இத்தனை தாழ்வா வெட்டியிருக்கும், உட்கார்ந்த வாக்குல கையைத் தொங்கவிட்டா தார் ரோட்டைத் தொட்டுடலாம். வாக்கிங் வந்த நாச்சிமுத்து வாத்தியாரைப் பிடிச்சு ஏத்தினேன். ரிட்டையர் ஆனவரு. கேட்டைத் தாண்டினதும் கண்ணை மூடிட்டாரு. “சார், புகை வருதான்னு பாக்கணுங்க”ன்னேன். “வந்தா நாத்தம் அடிக்கும்ல, அப்பச் சொல்றேன், நீ ரோட்டைப் பாரு”ன்னாரு. நாப்பதுலதான் போனேனுங்க, நாப்பது. ஆலாந்துறையில யாரையோ பார்த்த மாதிரி, “நிறுத்து, நிறுத்து, என் சம்பந்தி”ன்னு குதிச்சுட்டாரு. அங்க யாருமே இல்லை. வெறும் பேக்கரிதான். காலி சீட்டோட எப்படித் திரும்பறது? அரைமணி நேரம் அங்கயே நின்னேன். அப்புறம் பேக்கரியில பன்னு இறக்க வந்தவரு ஒருத்தரு இறங்கி வந்து உட்கார்ந்தாரு. கேட்டு வரைக்கும் ஒரு வார்த்தை பேசலை. இறங்கறப்ப மட்டும், “ஏசி இல்லீங்களா?”ன்னாரு.

மூணாவதுக்கு ஆள் இல்லை. வெள்ளை ஆஸ்டின் ஹீலி கொட்டகை வாசல்ல நிக்குது, நான் ரோட்டுக்கு வந்து நிக்கறேன். ஒரு பால்காரர், ஒரு லைன்மேன், எல்லாருக்கும் வேலை. எதிர்ல இருக்குதுங்களே நாற்றுப் பண்ணை, அங்க போயி யாராச்சும் ஒரு ஆளை அரைமணி அனுப்புவீங்களான்னு ஓனரைக் கேட்டுட்டு இருந்தேன். அங்க மேகலான்னு ஒரு பொண்ணு வேலை பாக்கறாங்க. ரெண்டு வருஷமா தினமும் பாக்கறதுதான். காலையில ஒரு ‘சாப்பிட்டீங்களா’, சாயந்தரம் ஒரு ‘வர்றேனுங்க’. அவ்வளவுதான் பழக்கம். கையெல்லாம் ஈர மண்ணோட வந்து நின்னாங்க.

“ஏனுங்க தரணி, ஆளு வேணும் ஆளு வேணும்னு ஊரையே கேக்கறீங்க. எதிர்ல நிக்கறவ உங்க கண்ணுக்குத் தெரியலீங்களா?”

“உங்களுக்கு வேலை இருக்குமேன்னு”ன்னேன்.

“அரை நாள் லீவு போட்டாச்சு. வாங்க”ன்னாங்க. எதுக்கு லீவு போட்டாங்கன்னு நான் கேக்கலீங்க. அவங்கவங்களுக்கு ஆயிரம் ஜோலி இருக்கும்.

ஹீலியில ஒரு தொந்தரவு, எஞ்சின் சூடு அப்படியே காலுக்கு வரும். அவங்க சிலிண்டரை வாங்கி, “இதென்னங்க, பச்சைப் புள்ளையைக் குடுக்கற மாதிரி குடுக்கறீங்க?”ன்னு சேலை முந்தானையால சுத்துற மாதிரி துப்பட்டாவால சுத்தி மடியில வெச்சுக்கிட்டாங்க. மாதம்பட்டி திரும்பறதுக்குள்ள, “கால் வேகுதுங்க! அரிசியைக் களைஞ்சு கொண்டுவந்திருந்தா இங்கயே சோறாக்கியிருக்கலாம்”ன்னாங்க. ஆமாங்க, மாதம்பட்டி இருட்டுப்பள்ளத்துக்கு எதிர்த்திசைதான். அவங்கதான் முதல்ல அந்தப் பக்கம் போயிட்டு வரலாமேன்னாங்க. சுத்துதான். ஆனா எஞ்சினுக்கு நல்லதுன்னு நானும் போனேன்.

அவங்ககிட்டயும் ராஜகுமாரன் கதையைச் சொன்னேன். ஒவ்வொரு மலைக்கும் ‘உம்’ போட்டாங்கண்ணா. ஒண்ணு விடாம. ஏழாவது மலையில கேட்டாங்க: “அந்த ராஜகுமாரி என்ன ஆனா?”

“அவளா? அவ பாட்டுக்குக் கோட்டையில இருந்தா.”

“அவகிட்ட யாராச்சும் ஒரு வார்த்தை கேட்டாங்களா?”

“கதையில அப்படி வரலீங்களே”ன்னேன். அதுக்கும் ‘உம்’னாங்க. ஆனா அது வேற மாதிரி ‘உம்’மு.

நாலாவது மஞ்சள் ஃபியட். அதுக்கும் அவங்களே வர்றேன்னுட்டாங்க. ஆள் தேடற வேலை மிச்சம். அந்த வண்டி வெளிநாட்டுல இருந்து வந்த மாதிரியே இருக்குது, ஸ்டியரிங் இடது பக்கம். அப்ப பக்கத்துல உட்கார்றவங்க நம்ம ஊருக்கு டிரைவர் உட்கார்ற எடத்துல இருப்பாங்க. மேகலா அதைப் பார்த்ததும் சிலிண்டரை முழங்கால்ல இடுக்கிக்கிட்டு, வெறும் கையால காத்துலயே ஸ்டியரிங் பிடிச்சாங்க. “இப்ப நான்தான் ஓட்டறேன். நீங்க சும்மா வாங்க.” வளைவு வந்தா கையைத் திருப்பறாங்க. எதிர்ல வர்ற டிராக்டர்காரரு பயந்து ஓரங்கட்டிட்டாரு. பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க ஓன்னு கத்துச்சு. அப்புறம் ரெண்டு கையையும் மேலே தூக்கிட்டாங்க. “ஐயோ, பிடிங்க பிடிங்க”ன்னு நானே ஒரு நிமிஷம் பதறிட்டேன்னாப் பார்த்துக்குங்க. சிரிச்சு சிரிச்சு எனக்குக் கண்ணுல தண்ணி. எப்பக் கடைசியா அப்படிச் சிரிச்சேன்னு யோசிச்சுப் பார்த்தேன். ஞாபகத்துக்கு வரலை. வண்டி நல்ல வண்டிங்கண்ணா, அந்த ஃபியட். ஆளை அப்படி சந்தோஷமா வெச்சுக்கும்.

திரும்பி வந்து கொட்டகையில சாப்பிட்டோம். தக்காளிச் சோறு, ரெண்டு டப்பா கொண்டு வந்திருந்தாங்க. எப்பவும் ரெண்டு கட்டுவாங்க போல. சாப்பிட்டுட்டு நீல வண்டியைச் சுத்திச் சுத்தி வந்தாங்க.

“இதுக்கு யாருங்க?”

“பூபதி. என் பிரண்டு. வந்துட்டு இருக்கான்.”

“பூபதி வரலீன்னா?”

“வருவான்.”

“சரிங்க, வருவாரு. வரலீன்னா?”

“அப்படிச் சொல்லாதீங்க மேகலா”ன்னேன். “மூணு வருஷமாக் காத்திருந்த வண்டி. சாரே சொல்லியிருக்காரு, பாத்து ஏத்தணும்னு. முக்கியமான ஆளா இருக்கணும்.”

அவங்க டப்பாவைக் கழுவினாங்க. கழுவினதையே மறுபடியும் கழுவினாங்க. “நான் எதிர்லதான் இருப்பேன். ஒரு சத்தம் குடுத்தாக் கேக்கும்”ன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. நல்ல மனசுங்க. உதவி பண்ற குணம்.

ரெண்டு மணிக்கு பூபதிக்குப் போன் போட்டேன், எடுக்கலை. மூணு மணிக்கு, ‘டிராபிக்’னு மெசேஜ் போட்டான். நாலு மணிக்கு, ‘பாக்கறேன்டா’ன்னு போட்டான். திருப்பூர் ரோடு இப்ப ரொம்ப மோசமாமே, நீங்க போயிருக்கீங்களா? தங்கவேலண்ணன் ரெண்டு மணிக்கே டூட்டி முடிஞ்சு போயிட்டாரு. நான் நீல வண்டியை ஸ்டார்ட் பண்ணி, சூடு பண்ணி, கேட்டு வரைக்கும் நகர்த்தி வெச்சுட்டு, பஸ் ஸ்டாப்புல வந்து உட்கார்ந்தேன். அப்பத்தான் நீங்க வந்தீங்க.

என்னங்கண்ணா? யாரு பாக்கப் போறா, தனியா ஓட்டிட்டு வான்னா சொல்றீங்க? நானும் நினைச்சேன். நாலரைக்கு சாவியைக் கையில வெச்சுக்கிட்டு நினைச்சேன். சார் மெட்ராசுல இருக்காரு. கேக்க ஆளில்லை. ஆனா அந்தச் சீட்டை மூணு வருஷமாத் தொடைச்சிருக்கேனுங்க. கிழிஞ்ச தையலை நானே ஊசி வாங்கித் தெச்சேன். அதைக் காலியாவே கொண்டுபோயிக் காலியாவே கொண்டுவர்றதுக்கா? தனியா இருக்கறதுக்கு எனக்குக் கார் எதுக்குங்க, ரூமே போதுமே.

அதனாலதான் கேக்கறேன். கால் மணி நேரம். உங்களை இங்கயே கொண்டுவந்து விட்டுடறேன். அடுத்த பஸ் ஆறேகாலுக்கு இருக்குது.

இருங்க. அதோ, அவங்கதான். மேகலா. பச்சைச் சுடிதார். பண்ணைக் கேட்டைச் சாத்திட்டு வர்றாங்க. நம்மளைத்தான் பாக்கறாங்க. நானும் கை காட்டிட்டேன். அவங்களுக்கு எதிர்ப் பக்கம், ஆலாந்துறை பஸ். கரெக்டா வந்துடுச்சு பாருங்க. தினமும் அதுலதான் போவாங்க.

ஏறலை. கூட்டம் போலிருக்குது.

காலியாத்தான் போச்சா? நான் கவனிக்கலீங்க.

ஏனுங்கண்ணா என்னையே அப்படிப் பாக்கறீங்க? கூப்பிடவா? அவங்களையா? அது எப்படிங்க. ரெண்டு தடவை வந்துட்டாங்க, மூணாவதும் கூப்பிட்டா நல்லாவா இருக்கும்? பாவம், வேலை முடிஞ்சு வீட்டுக்குப் போற நேரம்.

வேலை... இல்லீங்களே. அரை நாள் லீவுன்னாங்களே. மத்தியானத்துக்கு மேலே அவங்களுக்கு அங்க வேலையே இல்லையே. அப்ப அஞ்சரை வரைக்கும் எதுக்குங்க உள்ளே இருந்தாங்க?

நீங்க சொல்லுங்கண்ணா. உங்களைத்தான் கேக்கறேன்.

நடக்க ஆரம்பிச்சுட்டாங்க. ஆலாந்துறைக்கு மூணு கிலோமீட்டருங்க. நடந்தே போறாங்க பாருங்க. ஓடிப் போயி நிறுத்தறதா? கேட்டு திறந்து கெடக்குது, வண்டி வாசல்ல நிக்குது, அத்தனை பெரிய பொருளை விட்டுட்டு எப்படி ஓடறது? சத்தம் போட்டா... எனக்கு அத்தனை சத்தம் வராதுங்க. சின்ன வயசுல இருந்தே வராது.

வண்டியிலயே போகவா? இந்த வண்டியிலயா? போலாம். ரெண்டு நிமிஷத்துல பிடிச்சுடலாம். ஆனா அதுவரைக்கும் பக்கத்துச் சீட் காலியால்ல இருக்கும்? சட்டமிருக்குதுங்களே. நீங்க வாங்க, அவங்க நிக்கற எடம் வரைக்கும் நீங்க உட்காருங்க. உட்கார்ந்தீங்கன்னா, அப்புறம் அவங்களுக்கு எங்கே எடம்? நீங்க அங்கயே எறங்கிக்கணும். நடு ரோட்டுல, மிக்ஸி ஜாரோட. அதுவும் நல்லா இருக்காது. இருங்க, ஒரு வழி இருக்கும். யோசிக்கலாம். ஒரு நிமிஷம்.

வளைவுக்குப் போயிட்டாங்க. திரும்பிப் பார்த்தாங்களா? மறைஞ்சுடுச்சு.

உங்க பஸ்ஸுங்கண்ணா. பேரூர்தான். மணி அஞ்சு நாப்பது ஆச்சு, இன்னிக்கு லேட்டு. போறீங்களா? சரிங்க. தப்பா ஒண்ணும் நினைக்கலை, உங்களுக்கும் வீடு இருக்குது. இவ்வளவு நேரம் கேட்டீங்களே. ஜாரை எடுத்துக்குங்க.

இல்லீங்க, நான் இங்கயேதான் இருப்பேன். அஞ்சே முக்காலுக்கு இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்குது. பூபதி வந்தாலும் வருவான்.

பாத்துப் போங்கண்ணா. அந்தப் பஸ்ஸுக்குப் படி உயரம்.